பந்து உருளாத கோடை

கால்பந்து இரசிகர்களுக்கு மிகவும் பரபரப்பான காலம் எது என்று கேட்டால், இறுதிப்போட்டிகள் நடைபெறும் மே மாதம் என்றே பலரும் எண்ணக்கூடும். இங்கிலாந்தில் சில கோடைக்காலங்களைக் கழித்த பின் நாம் அறிந்துகொண்டது வேறு. ஒரு போட்டியும் நடைபெறாத ஜூன், ஜூலை மாதங்களில்தான் அந்நாட்டு இரசிகனுக்கு உறக்கம் குறைகிறது. திடல்களில் புல்லுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள், வலைகள் கழற்றப்பட்டிருக்கும், வீரர்கள் எங்கோ கடற்கரைகளில் ஓய்வெடுப்பார்கள். இரசிகன் மட்டும் காலை முதல் இரவு வரை மூன்று கேள்விகளோடு உலவுவான். யார் வரப்போகிறார்? யார் போகப்போகிறார்? எத்தனை கோடிக்கு?

நம் மகள் மான்செஸ்டருக்கு வடக்கே, டிராம் வண்டியில் சென்றால் அரைமணி நேரத்தில் சேரக்கூடிய பெரி என்னும் நகரில் வாழ்கிறாள். மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். (ஆங்கிலத்தில் 'அடக்கம் செய்' என்னும் வினைச்சொல்லுக்கும் இவ்வூர்ப் பெயருக்கும் எழுத்து ஒன்றே. சிலேடைக்கு இடந்தராமல் மேற்செல்வோம்.) வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரவு செலவு ஏடுகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற நமக்குக் கால்பந்தின் நுட்பங்கள் தெரியா. ஆயினும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அவள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பேரன் ஒருபுறமும் அண்டை வீட்டுப் பெரியவர் மறுபுறமுமாக நம்மை இவ்விளையாட்டுக்குள் இழுத்துவிட்டனர். பேரன் மான்செஸ்டர் யுனைடெட் பக்கம். பெரியவர் காகித ஆலையில் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். தம் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த நாள் முதல் உள்ளூர்க் கழகமாகிய பெரியைத் தவிர வேறொன்றை நினையாதவர். உள்ளூரில் ஒரு கழகம் இருக்க, அடுத்த ஊர்க் கழகத்தின் சட்டையைச் சிறுவன் அணிந்து திரிவது அவருக்கு உள்ளூர வருத்தம்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

அவ்வாண்டு பேரனின் பேச்செல்லாம் ஹாரி மகுவையர் என்னும் தடுப்பாட்டக்காரரைப் பற்றியது. வருகிறார் என்று திங்களன்று மகிழ்வான். விலை படியவில்லை என்று புதனன்று சாப்பிட மறுப்பான். "எண்பது மில்லியன் குடுத்தாவது அவரை வாங்கியே ஆகணும் தாத்தா" என்று அவன் சொன்னபோது, எண்பது மில்லியன் என்றால் எட்டுக் கோடி பவுண்டு என்று மனத்தில் பெருக்கிப் பார்த்த நமக்குத் தலை சுற்றியது. ஆகஸ்ட் 5 அன்று அவ்விலைக்கே வாங்கினார்கள். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு உலகில் அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. தன் உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தவனைப் போல அன்று பேரன் நிமிர்ந்து நடந்தான்.

இத்தகைய வதந்திகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று பின்னர் விசாரித்து அறிந்தோம். தம் வீரருக்கு ஊதியம் உயரவேண்டுமாயின், அவரை வேறொரு பெரிய கழகம் கேட்கிறது என்று முகவர் ஒருவர் செய்தியாளரின் காதில் போடுவார். விற்க விரும்பும் கழகம் விலையை ஏற்றும்பொருட்டு அதையே செய்யும். வாங்கும் எண்ணமே இல்லாத கழகமும் மறுக்காது. பருவச்சீட்டு விற்கும் காலத்தில் பெரிய பெயர் ஒன்று காற்றில் மிதப்பது நல்லதன்றோ? செய்தித்தாளுக்கோ போட்டியில்லா மாதங்களில் பக்கம் நிரம்பவேண்டும். இவர்கள் அனைவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. காசு பெறாமல் இதைச் சுமந்து திரிபவன் இரசிகன் ஒருவனே. ஆயினும் அவனை ஏமாளி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஜேடன் சான்சோ என்னும் இளைஞர் வருவார் என்று 2020 கோடை முழுவதும் பேரன் காத்திருந்தான். அவர் வந்தது 2021 ஜூலையில், 7 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு. வந்தபின் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேலாளரோடு மனவருத்தம் ஏற்பட்டு, 2024 தொடக்கத்தில் பழைய கழகத்துக்கே இரவலாகத் திரும்பிப் போனார். அவரைப் பற்றிய நினைவுகளில் பேரன் இன்றும் ஆசையோடு சொல்வது, அவர் வராதிருந்த அந்தக் கோடையைத்தான்.

வங்கிக்காரனின் புத்தி வேறுபக்கம் ஓடிற்று. அந்த எட்டுக் கோடி யாருடையது?

யுனைடெட்டின் கதையைத் தேடிப் படித்தோம். 1878-இல் இரயில் பணிமனைத் தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் என்னும் கழகம் அது. கடனில் மூழ்கி முடிந்துபோகும் நிலையில், 1902-இல் ஜான் ஹென்றி டேவிஸ் என்னும் மதுபான ஆலை முதலாளி காப்பாற்றினார். அப்போதுதான் இப்பெயர் வந்தது. அணித்தலைவரின் நாய் விற்பனை விழா ஒன்றில் காணாமற்போக, அதன் வழியாகவே அம்முதலாளியின் அறிமுகம் கிடைத்தது என்றொரு கதையும் உண்டு. உண்மையோ பொய்யோ, அக்கதையைச் சொல்லாத யுனைடெட் இரசிகரை நாம் காணவில்லை. ஆகவே செல்வர் ஒருவரின் தயவில் கழகம் பிழைப்பது இக்காலத்துப் புதுமை அன்று.

2005-இல் நடந்தது வேறுவகை. அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தார் ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் யுனைடெட்டை வாங்கினர். அதில் பெரும்பகுதி கடன். அக்கடனில் பெரும்பங்கு கழகத்தின் ஏட்டிலேயே எழுதப்பட்டது. அதற்கு முன்பு கடனின்றி இருந்த கழகம் அது. நம் மேசைக்கு முன்னே ஒருவர் வந்து, வீடு வாங்கக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணையை யார் கட்டுவார் என்று வினவினால், அவ்வீட்டில் குடியிருப்போர் கட்டுவர் என்கிறார். குடியிருப்போர் வீட்டை விட்டுப் போகமாட்டார்கள், போகவும் மனம் வராது என்பது அவருக்குத் தெரியும். நாம் கண்டவரையில் இதைவிட உறுதியான பிணை எந்த வங்கிக்கும் கிடைத்ததில்லை. இது சட்டத்துக்கு உட்பட்டதே. எனினும் நெஞ்சுக்கு ஒப்பவில்லை.

ஒப்பாத சிலர் வெளியேறினர். அதே 2005-இல் யுனைடெட் இரசிகர்களில் ஒருசாரார், உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறையில் 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்று தமக்கென ஒரு கழகம் கண்டனர். சொந்தத் திடல் இல்லாத அவர்கள் 2014 வரை வாடகைக்கு விளையாடியது பெரி நகரின் கிக் லேன் திடலில். "கோபித்துக்கொண்டு வந்தவர்களுக்கு நாங்கள்தான் திண்ணை கொடுத்தோம்" என்னும் பொருள்படப் பெரியவர் நம்மிடம் பெருமையோடு சொன்னார்.

மான்செஸ்டரின் மற்றொரு கழகமாகிய சிட்டியின் கதையை விரைந்து கடப்போம், வாசகர்கள் அறிந்ததே. கார்ட்டன் பகுதியில் புனித மாற்கு ஆலயத்தைச் சார்ந்தோர் 1880-இல் தொடங்கிய குழு அது. 2008 செப்டம்பர் 1 அன்று அபுதாபி அரச குடும்பத்தாரின் நிறுவனம் அதை ஏற்றது. அன்று நள்ளிரவுக்குள் பிரேசில் வீரர் ரொபினோவை 3 கோடியே 25 லட்சம் பவுண்டுக்கு வாங்கியும் காட்டியது. வீரர்களை வாங்குவதற்கு அன்றுதான் கடைசி நாள். காலையில் ஒருவர் உடைமை, மாலையில் வேறொருவர் உடைமை. அன்று முதல் இங்கிலாந்தின் எந்த இரசிகனுக்கும் எந்த வதந்தியும் நம்பமுடியாததாகத் தோன்றவில்லை.

எளிதில் சிரிக்காத பெரியவர் நம்மைப் பார்த்துச் சிரித்த ஒரு செய்தியும் உண்டு. பெரியிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள பிளாக்பர்ன் நகரின் ரோவர்ஸ் கழகத்தை, ஜாக் வாக்கர் என்னும் உள்ளூர் எஃகு வணிகர் 1991-இல் தம் கையில் எடுத்து, சொந்தப் பணத்தைக் கொட்டி, 1995-இல் நாட்டின் முதலிடத்துக்கே கொண்டு சென்றார். அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 2010 நவம்பரில் அதை வாங்கியவர்கள் நம் நாட்டவர். புனே நகரின் வெங்கீஸ் கோழி நிறுவனத்தார். சில வாரங்களிலேயே ரொனால்டினோ வரப்போகிறார் என்ற பேச்சு எழுந்தது. அவரோ தம் தாயகமாகிய பிரேசிலின் ஃபிளமெங்கோ கழகத்துக்குப் போய்விட்டார். 2012 மே மாதம் ரோவர்ஸ் முதல்நிலையிலிருந்து கீழிறங்கிய ஆட்டத்தின்போது, இரசிகர்கள் உயிருள்ள கோழி ஒன்றைத் திடலுக்குள் விட்டனர். "நீங்களும் அந்த நாட்டார்தானே, உங்களிடம் கோழி இருக்கிறதா?" என்று பெரியவர் கேட்டார். தேசபக்தியின்பாற்பட்டு ஏதேனும் சொல்லலாம் என்று எண்ணி, பின்பு நாமும் சிரித்துவிட்டோம்.

அவர் அவ்வாறு சிரித்தது ஜூலை மாதத் தொடக்கத்தில். அதன்பின் அக்கோடையில் அவர் சிரிக்கவில்லை.

பெரி கால்பந்துக் கழகம், அவ்வூரின் வெஸ்லியன் சபையினரும் யூனிட்டேரியன் சபையினரும் நடத்திவந்த இரு குழுக்கள் 1885-இல் ஒன்றிணைந்து பிறந்தது. வழிபாட்டில் இணையாதவர்கள் பந்தில் இணைந்தனர். 1894 முதல் இங்கிலாந்துக் கால்பந்து லீகில் இடையறாது இடம்பெற்றது. 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று வென்ற அந்த அளவை நூற்றுப் பதினாறு ஆண்டுகள் எவரும் எட்டவில்லை. எட்டியது மான்செஸ்டர் சிட்டி. 2019 மே 18 அன்று வாட்ஃபோர்டை அதே 6-0 என்று வென்றது. அந்த மே மாதம் பெரியும் மகிழ்ந்துதான் இருந்தது. நான்காம் நிலையில் இரண்டாம் இடம் பெற்று மூன்றாம் நிலைக்கு உயர்ந்திருந்தது. உயர்த்திய வீரர்களுக்கு ஊதியம் ஒழுங்காக வரவில்லை என்பதுதான் குறை.

அது ஓராண்டில் வந்த குறை அன்று. 2013-இல் சொத்து வணிகர் ஒருவர் கழகத்தை ஏற்று, வருவாய்க்கு மிஞ்சிய ஊதியத்தில் வீரர்களைக் கொண்டுவந்தார். திடல் அடகுக்குச் சென்றது. அவருடைய தொழில் சரிந்தபோது, 2018 டிசம்பரில் கழகம் முழுவதும் 1 பவுண்டுக்கு மற்றொருவர் கைக்கு மாறியது. பெரி என்றொரு கால்பந்துக் கழகம் இருப்பதே தமக்குத் தெரியாது என்றும், தாம் கால்பந்து இரசிகரே அல்லர் என்றும் அந்தப் புதிய உரிமையாளர் பின்னர் வானொலியில் சொன்னார். "முந்தையவர் காலத்தில் ஒவ்வொரு கோடையிலும் நல்ல பெயர்கள் அடிபடும்; நாங்கள் மதுக்கடையில் அமர்ந்து மகிழ்வோம். பணம் எங்கிருந்து வருகிறது என்று எங்களில் எவரும் கேட்டதில்லை" என்றார் பெரியவர். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. மழை பெய்ததைச் சொல்வது போல.

ஜூலையில் கடன்காரர்களிடம் பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் தருவதாகப் பேசி இசைவு பெற்றனர். மேலாளரும் வீரர் பலரும் அதற்குள் வேறிடம் போய்விட்டனர். ஆகஸ்டில் பருவம் தொடங்கியது. பணம் இருப்பதற்குச் சான்று காட்டாததால் லீக் நிர்வாகம் பெரியின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்தது. சனிக்கிழமைதோறும் பெரியவர் கழுத்துத்துண்டை அணிந்துகொண்டு திடல் வாயில்வரை சென்று திரும்பினார். மேன்மாடியில் நம் பேரன் மகுவையரின் எட்டுக் கோடியைக் கொண்டாடிக்கொண்டிருந்தான். இரு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர்.

கடைசிக் கெடு ஆகஸ்ட் 27, செவ்வாய், மாலை 5 மணி. வாங்குவதற்கு ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. வரும் சனிக்கிழமை ஆட்டம் நடக்கக்கூடும், திடலைத் தூய்மை செய்ய வாருங்கள் என்று அழைப்பு வந்தது. பெரியவரோடு நாமும் மகளும் துடைப்பமும் வாளியும் எடுத்துச் சென்றோம். நூற்றுக்கணக்கானோர் அங்கிருந்தனர். கைக்குழந்தையோடு வந்த பெண்கள், ஊன்றுகோலோடு வந்த முதியோர், பள்ளி விடுமுறையில் இருந்த சிறுவர்கள். சிலர் படிக்கட்டின் பாசியைச் சுரண்டினர். சிலர் கழிவறைகளைக் கழுவினர். கழகத்தின் முன்னாள் இயக்குநராகிய பெண்மணி ஒருவர் திடலின் குழாயொன்றோடு தம் கையை விலங்கிட்டுக்கொண்ட செய்தியைப் பலரும் பேசிக்கொண்டனர். பெரியவர் தெற்குப் பக்கத்தில் ஒரு வரிசையைத் தேர்ந்து, இருக்கை இருக்கையாகத் துடைத்துக்கொண்டே போனார். தமக்குரிய இருக்கையை அடைந்தபோதும் நிற்கவில்லை. மற்றவற்றைப் போலவே அதையும் துடைத்துவிட்டு அடுத்ததற்குச் சென்றார்.

அங்கும் வதந்திகள் உலவின. பணம் வங்கிக்கு வந்துவிட்டதாம். வெளிநாட்டார் ஒருவர் விமானத்தில் வருகிறாராம். கெடுவை நீட்டிவிட்டார்களாம். சொன்னவர் யார் என்று கேட்டால், அந்த மூலையில் நிற்பவர் என்பார்கள்; அந்த மூலைக்குப் போனால் இந்த மூலையைக் காட்டுவார்கள். பேரனின் வதந்திகளுக்கும் இவற்றுக்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. ஆனால் இங்கே எவரும் நட்சத்திர வீரரைக் கேட்கவில்லை. சனிக்கிழமை ஓர் ஆட்டம் நடந்தால் போதும் என்றிருந்தனர்.

வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கிவிட்டது என்ற செய்தி மாலைக்குள் வந்தது. அது வதந்தி அன்று. அன்றிரவு பெரி கழகம் லீகிலிருந்து நீக்கப்பட்டது. அதே நாளில் அதே போன்ற நிலையில் இருந்த அடுத்த ஊராகிய போல்ட்டனுக்குப் பதினான்கு நாள் தவணை கிடைத்து, அது பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலை பேரன் தானாகவே அண்டை வீட்டுக் கதவைத் தட்டினான். யுனைடெட் சட்டை அணிந்திருக்கவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

பின்வந்த ஆண்டுகளில் பேரனின் வதந்திகளும் வளர்ந்தன. 2022 நவம்பரில் கிளேசர் குடும்பத்தார் கழகத்தை விற்க ஆராய்வதாக அறிவித்தபின், எந்த வீரர் வருவார் என்பது போய் எந்த முதலாளி வருவார் என்பதே வதந்தியாயிற்று. கத்தாரின் ஷேக் ஒருவர் கடனையெல்லாம் அடைப்பார் என்றனர். 2023 அக்டோபரில் அவர் விலகினார். 2024 பிப்ரவரியில் மான்செஸ்டர் வட்டாரத்தில் பிறந்த ஜிம் ராட்கிளிஃப் என்னும் செல்வர் 27.7 விழுக்காடு பங்கு வாங்கினார். சிறுவயது முதல் யுனைடெட் இரசிகர் அவர். அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 250 பணியாளர்களுக்கு வேலை போயிற்று.

அந்த ஆகஸ்டில், பிள்ளைப்பருவம் முதல் அக்கழகத்திலேயே வளர்ந்த ஸ்காட் மெக்டாமினேவை நேப்பிள்ஸ் நகரின் நாப்போலிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி பவுண்டுக்கு விற்றனர். பேரனுக்கு ஆற்றவில்லை. "நம்ம பையனை ஏன் தாத்தா விக்கணும்?" என்று தொலைபேசியில் கேட்டான். நமக்குத் தெரிந்த ஒரே மொழியில் விளக்கினோம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடிக்கு ஒருவரை வாங்கினால், ஆண்டுக்கு 1 கோடி வீதம் செலவாக எழுதுவார்கள். விற்கும்போதோ, ஏட்டில் எஞ்சியுள்ள விலை போக வருவது முழுவதும் அவ்வாண்டின் இலாபம். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வாங்கிய விலை என்று ஏட்டில் ஏதுமில்லை. அவனை விற்றால் வந்ததெல்லாம் இலாபம். மூன்றாண்டுகளில் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டலாகாது என்று பிரீமியர் லீக் வகுத்திருந்த விதிக்கு இதைவிட எளிய வழி இல்லை. வீண்செலவைத் தடுக்க எழுந்த விதி, சொந்தப் பிள்ளைகளை விற்கத் தூண்டுவதாக முடிந்தது. எல்லாவற்றையும் கேட்டபின் பேரன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கழகத்தின் ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது என்று கேட்டான். மெக்டாமினே அடுத்த ஆண்டே நாப்போலியோடு இத்தாலியின் பட்டத்தை வென்றார்.

கழகங்களின் பணநிலையையும், உரிமையாளராக வருவோரின் தகுதியையும் ஆராய இங்கிலாந்தில் தனிக் கண்காணிப்பாளரை ஏற்படுத்தும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. பெரியின் பெயர் அதன் விவாதங்களில் பலமுறை ஒலித்தது. அது என்ன செய்யும் என்பதைக் காலம் காட்டட்டும். கண்காணிப்பாளர் பலரைக் கண்ட வங்கிக்காரனுக்கு அளவுகடந்த நம்பிக்கை வருவதில்லை.

கிக் லேன் திடலை 2022-இல் இரசிகர்களே அரசு உதவியோடு மீட்டனர். பிரிந்து நின்ற இரு சாரார் 2023-இல் வாக்களித்து ஒன்றாயினர். அவ்வாண்டே மீண்டும் அங்கே பந்து உருண்டது, ஒன்பதாம் நிலையில். 2025-இல் ஒரு படி ஏறி எட்டாம் நிலைக்கு வந்தது. சென்ற கோடையில் மகள் தொலைபேசியை அண்டை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்தாள். பக்கத்து ஊர்க் கழகத்திலிருந்து கோல் அடிப்பதில் வல்லவன் ஒருவன் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று ஒரு சிறுவனின் குரலில் சொன்னார். விலை எவ்வளவு என்று கேட்டோம். விலை ஒன்றுமில்லை, வாரச் சம்பளம்தான் என்றார். உறுப்பினர்களுக்கு அனுப்பிய கணக்குத்தாள் முன்னாலேயே இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் ஒரு தொகை விளங்கவில்லை, உங்கள் பேரனை அனுப்புங்கள் என்றார்.